தோல்விக்குத் துக்கம் விசாரித்தவர்

எங்கள் அத்திம்பேருக்கு, அதாவது என் அக்காவின் கணவருக்கு, கால்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதுகூடத் தெரியாது. ஆனால் அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில், ஸ்காட்லாந்தின் இரண்டாவது டிவிஷன் கால்பந்துக் கிளப் ஒன்றுக்காகப் பெருமூச்சு விட்ட ஒரே ஆள் அவர்தான். காரணம், ஃபோர்ட் பகுதியில் இருந்த எங்கள் கப்பல் கம்பெனியின் ஸ்காட்லாந்துக்காரத் துரை. என்னையும் அங்கே குமாஸ்தாவாக நுழைத்துவிட்டவர் அத்திம்பேர்தான். அதனால் அந்தக் கூத்தையெல்லாம் பக்கத்து மேஜையிலிருந்து பார்க்கக் கொடுத்துவைத்திருந்தது.

துரையின் சொந்த ஊர் ஒரு மீன்பிடித் துறை. ஊர்க் கிளப்பின் மைதானத்துக்கு ஒரு பக்கம் கடல். பந்தை ஓங்கி உதைத்தால் அலையில் போய் விழும். எடுத்து வரப் படகோடு ஒரு ஆள் காத்திருப்பான். மழையில் நனைந்துகொண்டு ஆட்டம் பார்க்க வரும் கூட்டம், மாட்டுங்கா ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கலுக்கு நிற்கிற கூட்டத்தில் பாதிகூட இருக்காதாம். துரை இதைப் பெருமையாகச் சொல்வார். இரண்டாவது டிவிஷன், அதிலும் கடைசி இடம். எங்கள் பேட்டையில் ஒரு பையன் இப்படி மார்க் வாங்கினால் அப்பா வெளியில் தலைகாட்ட மாட்டார்.

ஆபீஸ் சூப்பரின்டெண்ட் அந்த வருஷம் ரிடையர் ஆகவிருந்தார். அடுத்தது யார் என்று துரைதான் சொல்ல வேண்டும். அத்திம்பேருக்கு அந்த நாற்காலி வேண்டும். கிடைத்துவிட்டதாகவே அக்கா கிங்ஸ் சர்க்கிளில் காய்கறி வாங்கும்போது பாதி ஊருக்குச் சொல்லியாகிவிட்டது.

அத்திம்பேர் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். சனிக்கிழமை ஆட்டத்தின் முடிவு திங்கட்கிழமை பேப்பரில் பொடி எழுத்தில் வரும். தோல்வி என்று பார்த்ததும் துரையின் அறைக்குப் போய் முறைப்படி துக்கம் விசாரிப்பார். கைகட்டி, தரையைப் பார்த்து, ஒரு பெருமூச்சு. துரை டீ வரவழைத்தால் தொடமாட்டார். துக்க வீட்டில் கை நனைக்கலாமா? கிளம்பும்போது போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நழுவிவிடுவார். துரை உருகிப்போனார். "என் கிளப்புக்காக டீகூடக் குடிக்காத மனுஷன்" என்று என்னிடமே சொன்னார்.

வாராவாரம் தோல்வியே வந்ததில், அத்திம்பேர் பேப்பர் பார்ப்பதையே விட்டுவிட்டார். "அது எங்கேடா ஜெயிக்கப் போறது?" என்பார்.

அப்புறம் கோப்பைப் போட்டி வந்தது. அதில் பெரிய கிளப், சின்ன கிளப் எல்லாவற்றையும் சீட்டுக் குலுக்கி மோதவிடுவார்கள். துரையின் கிளப்புக்கு வாய்த்தது முதல் டிவிஷனில் கொடிகட்டிப் பறந்த ஒரு கிளப். அந்தத் திங்கட்கிழமை துரை கண் சிவந்து, தொண்டை கட்டிப்போய் வந்தார். அத்திம்பேர் பின்னாலேயே போனார். கதவு திறந்திருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் சார். எதிர்பார்த்ததுதானே. அவர்களால் இவ்வளவுதான் முடியும்" என்று தன் இங்கிலீஷில் ஆறுதல் சொன்னார்.

துரை நிமிர்ந்து பார்த்தார். "ஜெயித்துவிட்டோம்" என்றார். "கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. சந்தோஷத்தில் இரண்டு ராத்திரியாகத் தூங்கவே இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெயிப்போம் என்றுதான் நான் ரேடியோவைத் திறக்கிறேன். நீங்கள் என்ன, இத்தனை நாளும் சாவு வீட்டுக்கா வந்துகொண்டிருந்தீர்கள்?"

நாற்காலி, கால்பந்துப் பேச்சே எடுக்காத டெஸ்பாட்ச் குமாஸ்தாவுக்குப் போனது. அத்திம்பேர் வீட்டில் குதித்தார். "வருஷமெல்லாம் தோத்துட்டு, என் வாயில மண்ணைப் போடணும்னே அன்னிக்குப் பார்த்து ஜெயிச்சிருக்கான்கள்!"

அதற்கப்புறம்தான் அவர் அந்தக் கிளப்பின் ஸ்கோரை உண்மையான அக்கறையோடு படிக்க ஆரம்பித்தார். கோப்பையின் அடுத்த சுற்றிலேயே அது படுதோல்வி அடைந்தது. அன்றைக்குத் துரை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருத்தரும் உள்ளே போகவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. வீட்டில் அத்திம்பேர் அக்காவைப் பாயசம் வைக்கச் சொல்லியிருந்தார். நான் தொடவில்லை. அத்திம்பேர் என் டம்ளரையும் எடுத்துக் குடித்தார்.