கூட வருபவர் பெயர்

மைசூரில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்பது 'ஊட்டா ஆயித்தா?' என்பதுதான். சாப்பிட்டாச்சா என்று. கேட்கிறவருக்குப் பதில் வேண்டியதில்லை. 'ஆயித்து' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். ஆனால் என்னைக் கேட்கும்போது மட்டும் அவர்கள் கண் ஒரு நொடி என் வயிற்றில் இறங்கி ஏறும். நூற்றுப் பதினெட்டு கிலோ. 'சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாயா, இன்னுமா சாப்பிடுகிறாய் என்று கேட்கிறாயா?' என்று திருப்பிக் கேட்க நாக்கு துடிக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாய்க்கு வராது, அவ்வளவுதான்.

எனக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. என்.ஆர். மொஹல்லாவில் மாடி வீடு, தனிக்குடித்தனம். சர்க்கரை, பிரஷர், தேய்ந்த முழங்கால் எல்லாம் உண்டு. இரைப்பையைச் சுருக்குகிற ஆபரேஷன் செய்தால் எடையும் குறையும், சர்க்கரையும் அடங்கும் என்று டாக்டர் சொன்னபோது அவர் எதிரிலேயே அழுதுவிட்டேன். பயத்தில் இல்லை. 'வாயைக் கட்டு' என்று சொல்லாமல் என் உடம்பைப் பற்றிப் பேசிய முதல் மனிதர் அவர்தான்.

அந்தச் சந்தோஷத்தில் சொந்த ஊரான மார்டள்ளியில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். எனக்கென்று இருப்பது அவர் ஒருவர்தான்.

"ஏம்மா, வாயக் கட்டுனா தீந்துது. அதுக்குப் போயி வயித்த அறுத்துக்குவாங்களா? ஊருக்குள்ள தெரிஞ்சா சிரிப்பாங்க," என்றார்.

"சரிங்கண்ணா," என்று வைத்துவிட்டேன். அதோடு யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். சொன்னால்தானே சிரிப்பார்கள்.

ஆனால் இந்த ஆபரேஷன் ரகசியமாகச் செய்துகொள்கிற காரியம் இல்லை. ரத்தம் எடுத்தார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். மூக்கிலும் விரலிலும் ஒயர் மாட்டித் தூங்கச் சொன்னார்கள். கடைசியில் மனநல டாக்டர். சின்னப் பெண், என் அண்ணன் மகள் வயதிருக்கும். கோபம் வந்தால் சாப்பிடுவீர்களா, அழுகை வந்தால் சாப்பிடுவீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். "ஆபரேஷனுக்கு அப்புறம் உங்களை யார் பார்த்துக்குவாங்க?" என்று கேட்டபோது மட்டும், "அண்ணன் வருவார்," என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டாள். நான் மேஜையில் இருந்த பேனா ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் காகிதமெல்லாம் பள்ளிக்கூடம் எங்களுக்கு எடுத்து வைத்திருந்த இன்ஷூரன்ஸுக்குப் போனது. ஆபரேஷனுக்கு ஒரு தேதி கொடுத்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னாலிருந்து திட உணவு கிடையாது. மோர், வடிகட்டிய சூப், புரோட்டீன் பவுடர் கலக்கிய பால், அவ்வளவுதான். மோரை ஆரம்பித்த எட்டாம் நாள் இன்ஷூரன்ஸிலிருந்து கேள்வி வந்தது. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் செய்து பார்த்ததற்கு ஆதாரம் வேண்டுமாம். மூன்று வருஷம் குக்கரஹள்ளி கெரெயைச் சுற்றி நடந்திருக்கிறேன். அதற்கு யார் சர்டிபிகேட் கொடுப்பார்கள், ஏரியில் இருக்கிற கொக்கா? பழைய சீட்டுகளை எல்லாம் தோண்டி எடுத்துக் கொடுத்தேன். தேதி தள்ளிப்போனது. "எப்ப வேணா அப்ரூவல் வரலாம் மேடம், மோரை நிறுத்திடாதீங்க," என்றாள் டயட்டீஷியன். அந்த அப்ரூவல் வந்தால் ஆபரேஷன், வராவிட்டால் பழைய உடம்போடு பழையபடியேதான். ஆபீஸில் போன் அடிக்கும்போதெல்லாம் நானே முந்திக்கொண்டு எடுத்தேன்.

இதெல்லாம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் நடந்தது. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

கீழ்வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். ஊதுபத்திக் கம்பெனியில் வேலை. பேசுவது தமிழ்தான், ஆனால் மோருக்கு 'மஜ்ஜிகே', இல்லையா என்பதற்கு 'அல்வா' என்று கன்னடம் கலந்துவரும். தெரு முழுக்க அவரை மகன் பெயரைச் சொல்லி, அவன் அம்மா என்றுதான் கூப்பிடும். எனக்குக் கீழ்வீட்டு அக்கா. பள்ளிக்கூடத்தில் வேலை என்பதால் என்னை அவர் டீச்சர் என்பார். நான் டீச்சர் இல்லை, கிளார்க் என்று திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. ஒரு நாள் பலாக்கொட்டைக் குழம்பு கொண்டுவந்தார். நான் வேண்டாம் என்றதும், "ஒருசந்தியா டீச்சர்?" என்று அவரே கேட்டார். எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு இருப்பதற்கு ஒருசந்தி என்று பெயர்.

நான் தலையை ஆட்டினேன். அது ஒன்றுதான் நான் செய்த தப்பு.

அடுத்த ஞாயிறு மாதா கோவில் வாசலில் எனக்கு வரவேற்பே மாறிவிட்டது. கீழ்வீட்டு அக்கா எல்லாரிடமும் சொல்லியிருந்தார். "ஒரு பருக்கை சோறு உள்ள போகல. வெறும் மஜ்ஜிகே. நம்மால முடியுமா?" என் தட்டையே இத்தனை வருஷம் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் என் கையைப் பிடித்து, எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். எடை வேறு இறங்கியிருந்தது. முகம் களையாக இருக்கிறதாம், பக்திக் களை. வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆனால் பொய் சொல்வானேன், நன்றாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி மோரைக் கலக்கும்போதுதான் தாங்கவில்லை. இவ்வளவு பேர் என்னோடு பேசுகிறார்கள், ஒருவருக்கும் என்னைத் தெரியாது.

பெரிய வியாழன் அன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அப்ரூவல் வந்துவிட்டது, புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து சேர வேண்டும் என்றான் இன்ஷூரன்ஸ் கவுண்டர்காரன்.

"ஜொதெகெ யாரு பர்த்தாரே?" என்று கேட்டான். கூட யார் வருகிறார்கள் என்று. "அட்டெண்டர் இல்லாம அட்மிஷன் கொடுக்க மாட்டாங்க மேடம். அவங்க கையெழுத்து வேணும், ராத்திரி கூடவே இருக்கணும். உங்க ஃபைல்ல அண்ணன்னு போட்டிருக்கு."

அண்ணனுக்கு மறுபடி போன் போட்டேன். "பெரிய வெள்ளிக்கு முந்தின நாளு அதுவுமா, இன்னும் அதயே புடிச்சிட்டிருக்கியா நீ?" என்றார். கெஞ்சியிருக்கலாம். கெஞ்ச வரவில்லை. வைத்துவிட்டு ஆஸ்பத்திரி ஃபாரத்தை எடுத்துப் பார்த்தேன். கூட வருபவர் பெயர், உறவு, கையெழுத்து. போனில் இருந்த எண்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். கேஸ்காரர், ஆட்டோக்காரர், பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம். இத்தனை நாள் இன்ஷூரன்ஸ்காரன் தடுப்பான் என்று பயந்துகொண்டிருந்தேன். அவன் விட்டுவிட்டான். ஒரு ஆள் இல்லாமல் இது நின்றுபோகும் போலிருந்தது.

ஈஸ்டர் அன்று மத்தியானம் கதவு தட்டினார்கள். கீழ்வீட்டு அக்கா, கையில் டிபன் டப்பா.

"தவக்காலம் முடிஞ்சுது டீச்சர். மட்டன் பிரியாணி. நல்ல பீஸா பொறுக்கி உங்களுக்குன்னு எடுத்து வச்சேன். இங்கயே என் முன்னாடி சாப்பிடுங்க."

இனி எந்த ஒருசந்தியைச் சொல்வது? டப்பாவின் சூடு கையில் ஏறியது. வாயில் எச்சில் ஊறியது, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷன், அப்ரூவல், மோர், புதன்கிழமை. அண்ணன் சொன்னதையும் சொன்னேன்.

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"உங்களப் பாத்துட்டு நானும் எல்லா வெள்ளிக்கிழமையும் ஒண்ணும் சாப்பிடாம இருந்தேன்," என்றார். "கம்பெனில தலை சுத்தி ஒக்காந்துட்டேன் ஒரு நாளு."

"மன்னிச்சிருங்கக்கா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் அல்வா? கீழதான இருக்கேன்."

திட்டிவிட்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்த டப்பாவை வாங்கினார். "ஆறிப்போயிடும்," என்று சொல்லி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். "நீங்க உங்க மஜ்ஜிகேய எடுத்துட்டு வந்து ஒக்காருங்க."

நான் மோர் டம்ளரோடு எதிரே உட்கார்ந்தேன். எலும்பைத் தட்டி மஜ்ஜையை உறிஞ்சினார். அந்த வீட்டில் இன்னொரு ஆள் சாப்பிடுகிற சத்தத்தை நான் கேட்டதே இல்லை. யாரையும் நான் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் கூட உட்கார்ந்து நானும் சாப்பிட வேண்டும், அதை அவர்கள் பார்ப்பார்கள்.

"எத்தன மணிக்குப் போகணும்?"

"ஏழு."

"ஆட்டோவ நான் சொல்லிடறேன். அந்த ஃபாரத்த எடுங்க. லீவு வேற கேக்கணும் நானு."

ஃபாரத்தை மடியில் வைத்து, பேனாவைத் திறந்து, முதல் வரியில் வைத்தேன். கை நகரவில்லை. ஆறு வருஷமாக இவர் தலைக்கு மேலேதான் குடியிருக்கிறேன். அவர் கொடுத்த குழம்பெல்லாம் தின்றிருக்கிறேன்.

"அக்கா, உங்க பேரு என்ன?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையில் எலும்பு இருந்தது. கோபப்படவில்லை. தன் பெயரைச் சொன்னார். நான் எழுதினேன். உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன்.

விரலை நக்கிக்கொண்டே அவர் கேட்டார்: "அங்க என்கிட்டயும் கேப்பாங்க அல்வா, பேஷன்ட் பேரு என்னன்னு. உங்க பேரு என்ன டீச்சர்?"

சொன்னேன். மறந்துவிடாமல் இருக்க, அவர் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.