அண்ணியின் தட்டு பிரேக்

நடந்ததை வரிசையாகச் சொன்னால் இப்படி வரும்.

1. ஐப்பசி மழை. வேலை முடிந்து நானும் அண்ணியும் ஒரே சைக்கிளில் ஆம்பூரிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அண்ணி மிதித்தார். நான் பின்னால் கேரியரில் இருந்தேன்.
2. ரயில்வே கேட்டுக்கு முன்னால் சாலை இறங்கும். கேட் மூடியிருந்தது. பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று அங்கே நின்றது.
3. அண்ணி இரண்டு பிரேக்கையும் பிடித்தார். வண்டி நிற்கவில்லை.
4. லாரியில் மோதாமல் இருக்க ஹேண்டில்பாரை இடது பக்கம் ஒடித்தார். தோல் பதனிடும் டேனரிக் கழிவுநீர் ஓடும் கால்வாயில் விழுந்தோம்.
5. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அண்ணிக்கு மணிக்கட்டு பிசகியது. இருவரின் புடவையிலும் நீலப்பச்சைக் கறை. அது கடைசிவரை போகவில்லை.
6. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் முதலில் அண்ணியின் கையைப் பார்த்தார், பிறகு சைக்கிளைப் பார்த்தார். "இனிமே சைக்கிள் வேணாம்" என்றார்.

எதையும் வரிசையாக எழுதி வைத்தால் மனம் அடங்கிவிடும் என்று நம்புகிற ரகம் நான். இந்த விஷயத்தில் அடங்கவில்லை. காரணம் ஆறாவது வரி. எண்பதுகளின் தொடக்கம் அது. ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகள் தையல் பிரிவுக்குப் பெண்களை எடுக்கத் தொடங்கியிருந்தன. அண்ணி அப்படிச் சேர்ந்தவர். நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு அதே கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். என் வேலை நேரத்துக்கு ஊரிலிருந்து பஸ் இருந்தது. தையல் பிரிவு அதற்கு முன்பே தொடங்கிவிடும். கம்பெனி கேட்டை மூடிவிட்டால் அன்றைய நாள் போனதுதான். ஆகவே சைக்கிள் இல்லையென்றால் அண்ணிக்கு வேலை இல்லை. இதை அண்ணன் தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்துதான் சொன்னார்.

"வேகமா வந்திருப்பா. வேற இன்னா?" என்றார்.

"இல்லண்ணா, மெதுவாத்தான் வந்தோம். பிரேக்குதான் புடிக்கல."

"கேரியர்ல குந்தினு வந்தவளுக்கு இன்னா தெரியும்? நான் போட்ட கட்ட அது. புடிக்காம எங்க போவும்?"

அண்ணன் டேனரியில் வேலை செய்தார். எங்கள் பக்கத்தில் எது தேய்ந்தாலும் தோல்தான் போடுவோம். கதவுக் கீல் சத்தம் போட்டால் தோல் துண்டு, அடிபம்பு தண்ணீர் ஏற்றாவிட்டால் தோல் வாஷர், பெஞ்சு ஆடினால் காலுக்கடியில் தோல். சைக்கிளின் ரப்பர் பிரேக் கட்டை தேய்ந்தாலும் அப்படித்தான். செருப்பு அடிப்பாகத்துக்கான தடித்த தோலை அடுக்கித் தைத்து, கட்டையின் அளவுக்கு வெட்டி மாட்டுவார்கள். அண்ணியின் சைக்கிளுக்கு அண்ணனே உட்கார்ந்து நான்கு கட்டைகள் வெட்டிப் போட்டிருந்தார். ஓரங்களைக்கூட மழித்து வழவழப்பாக்கியிருந்தார். காய்ந்த சாலையில் அவை நன்றாகவே பிடித்தன. சத்தமும் வராது.

விழுந்த மறுநாள் காலையில் நான் துணியால் சக்கரத்தின் ரிம்மைத் துடைத்தேன். துணி வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன், மீன் எண்ணெய். தோல் வேலை செய்பவர்கள் காய்ந்த தோலைக் கண்டால் சும்மா விடமாட்டார்கள், வெடித்துப்போகும் என்று எண்ணெய் பூசிவிடுவார்கள். அண்ணனும் பிரேக் கட்டைகளுக்குப் பூசியிருக்கிறார். வெயில் நாட்களில் எண்ணெய் தோலுக்குள்ளேயே இருந்துவிட்டது. மழைநீர் பட்டதும் வெளியே வந்து ரிம் முழுவதும் பரவிவிட்டது. வேறு எந்த ஊரிலும் ஒரு மனிதன் தன் பெண்டாட்டியின் பிரேக்குக்கு எண்ணெய் போட்டிருக்க மாட்டான். எங்கள் ஊரில் அதைத்தான் அக்கறை என்று நினைப்பார்கள்.

துணியை அண்ணியிடம் காட்டினேன். கையில் கட்டோடு வந்து முகர்ந்தார். துணியைச் சுருட்டித் தன்னிடமே வைத்துக்கொண்டார். பிறகு, "உங்க அண்ணன்கிட்ட சொல்லாத பாப்பா" என்றார்.

"சொல்லலன்னா உங்க மேலதான அண்ணி தப்பு வரும்?"

"வரட்டும். அந்த மனுசன் ஆசையா பண்ணிக் குடுத்தது. என்னைக் கீழ தள்ளுனது அவருதான்னு எப்படிச் சொல்றது?"

அந்த வாரம் முழுக்க வீட்டில் யாருக்கும் நிலைகொள்ளவில்லை. அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தெருவுக்குப் போவார், உடனே திரும்பி வருவார். அண்ணி சாப்பிட உட்கார்ந்தாலும் அவருடைய வலது பாதம் தரையில் தையல் மிஷின் பெடலை அழுத்துவதும் விடுவதுமாக இருக்கும். அதை அவர் அறிந்தே செய்யவில்லை என்று நினைக்கிறேன். கை குணமாகும்வரை மட்டுமே அவருடைய மிஷினை வைத்திருப்பதாக சூப்பர்வைசர் சொல்லியனுப்பியிருந்தார். அண்ணனோ, "மழைக்காலம் முடியட்டும், பாக்கலாம்" என்பதற்கு மேல் போகவில்லை. மழை முடிவதற்குள் மிஷின் வேறு ஒருத்தியிடம் போய்விடும்.

புது ரப்பர் கட்டை வாங்கி மாட்டியிருக்கலாமே என்று படிப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பரும் அவ்வளவாகப் பிடிக்காது. சக்கரத்தின் விளிம்புதான் சாலைத் தண்ணீரையெல்லாம் வாரிக்கொண்டு சுற்றுகிறது, அதையே பிடித்து நிறுத்தச் சொல்கிறோம். இரண்டு, தோலைக் கழற்றி ரப்பரைப் போட்டால் அது அண்ணனுக்குப் பதில் சொன்னதாகிவிடும். யாரும் யாரையும் குற்றம் சொல்லாமல் வண்டி நிற்க வேண்டும். எனக்குத் தேவைப்பட்டது அப்படி ஒரு பிரேக்.

அண்ணியின் அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வழி தெரிந்தது. கம்பெனித் தையல் மிஷின்களின் மோட்டாரில் தக்கை ஒட்டிய ஒரு தட்டு உண்டு. பெடலை அழுத்தினால் மிஷின் ஓடும், விட்டால் அந்தத் தக்கை எதிரிலுள்ள இரும்பைக் கவ்வி ஊசியை அப்படியே நிறுத்திவிடும். தேய்ந்த தக்கைகளை மாற்றுவது என் வேலை. காரின் சக்கரத்தில் வட்டமான ஒரு தட்டைப் பொருத்தி அதை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கை நான் பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்திருந்தேன். இரண்டையும் சேர்த்தால் சைக்கிளுக்கு ஏன் செய்யக்கூடாது? தட்டை ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுவில் பொருத்தினால் தண்ணீரிலிருந்தும் தள்ளியே இருக்கும்.

லேத் பட்டறை பாய் நான் வரைந்த படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "சைக்கிளுக்குக் காரு பிரேக்கா? பேஜார் புடிச்ச வேலைம்மா இது. ஹாரன் வேணாமா?" என்றார்.

"அது இருக்குது பாய்" என்றார் என்னோடு வந்திருந்த அண்ணி. "நானே கத்துவேன்."

பாய் சிரித்துவிட்டார். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய ஓர் இரும்புத் தட்டைக் கடைந்து, பின்சக்கர ஹப்பின் இடது பக்கத்தில் ஒரு வளையத்தால் இறுக்கிக் கொடுத்தார். தட்டைக் கவ்வ இடுக்கி போன்ற இரண்டு தாடைகள். அவற்றின் உள்பக்கம் கம்பெனி ஃபோர்மேனிடம் கேட்டு வாங்கிய தக்கையை வெட்டி ஒட்டினேன். ஹேண்டில்பாரிலிருந்து வரும் பழைய இரும்புக் கம்பிக்குப் பதிலாக மொபெட் கேபிள்.

முதல் சோதனையில் பிரேக்கைப் பிடித்ததும் தாடை தட்டைக் கவ்வியது. கவ்விய வேகத்தில் தட்டோடு சேர்ந்து தானும் சுற்றப் பார்த்தது. அதைச் சைக்கிளின் பிரேமோடு பிடித்திருந்த கிளிப் வழுக்கி, தாடை ஆரக்கம்பிகளுக்குள் போய் மாட்டிக்கொண்டது. இரண்டு கம்பிகள் வளைந்தன. தட்டை நிறுத்தும் விசையை வாங்கிக்கொள்ள பிரேமில் கெட்டியான பிடி வேண்டும் என்பது நான் தேர்வில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். அண்ணி வளைந்த கம்பிகளைப் பார்த்துவிட்டு, "பிரேக்கு நல்லாத்தான் புடிக்குது, அதை யார் புடிக்கறது?" என்றார். கிளிப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு, நீண்ட இரும்புப் பட்டை ஒன்றை பிரேமில் போல்ட் போட்டு முடுக்கினோம்.

இரண்டாவது சோதனை எங்கள் தெரு இறக்கத்தில். குடத்துத் தண்ணீரைப் பின்சக்கரத்தின்மேல் ஊற்றச் சொல்லிவிட்டு அண்ணி சைக்கிளில் இறங்கி, கட்டில்லாத கையால் பிரேக்கைப் பிடித்தார். நின்றது. மறுபடி ஊற்றினேன், மறுபடி நின்றது. ஏலகிரி மலையிலிருந்து இறங்கினால் தக்கை சூடேறிக் கருகிவிடும் என்று எச்சரித்தேன். "ஏலகிரிக்கு ஹனிமூனுக்கே கூட்டினு போகல, இப்போ எங்க போகப்போறேன்?" என்று அண்ணன் காதில் விழும்படியே சொன்னார்.

அண்ணன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இது சைக்கிளா, மிஷினா?" என்றார்.

"ஓடுனா சைக்கிளு, நின்னா மிஷினு" என்றார் அண்ணி.

"கீச்சு கீச்சுன்னு கத்துது. தெருவே திரும்பிப் பாக்குது."

"பாக்கட்டும். பாத்தாதான் வழி வுடுவாங்க."

கைக்கட்டு அவிழ்த்த மறுநாள் விடியற்காலையில் தூறல். அண்ணி சாப்பாட்டுத் தூக்கை ஹேண்டில்பாரில் மாட்டினார். அண்ணன் எழுந்து வந்து, "மழை வுடட்டும்னு சொன்னேன்ல?" என்றார். அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. "கீழ வுழுந்தேன்னு நிறுத்துனீங்க. பிரேக்கு போட்டாச்சு. போய்ட்டு வர்றேங்க" என்றார். அண்ணன் வழியில்தான் நின்றிருந்தார். அண்ணி சைக்கிளை அவருக்கு நேராகத் தள்ளிக்கொண்டு வந்தார். பிறகு அவர் ஓர் அடி நகர்ந்தார். சம்மதித்து நகர்ந்தாரா, சைக்கிள் சேறு மேலே படாமல் இருக்க நகர்ந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. சைக்கிளருகே அண்ணன் குந்தியிருந்தார். கையில் துணியும் எண்ணெய் டப்பாவும். அண்ணி பார்த்துவிட்டு ஏறக்குறைய ஓடினார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"தட்டு துரு புடிச்சுப்போச்சு. ரெண்டு சொட்டு வுட்டா நல்லா இருக்கும்."

"வேணாங்க. எண்ண பட்டா புடிக்காது."

அண்ணன் டப்பாவைக் கீழே வைத்தார். மெல்லத் திரும்பி முன்சக்கரத்தைப் பார்த்தார். அங்கே அவர் வெட்டிய தோல் கட்டைகள் அப்படியே இருந்தன. நாங்கள் தொடவில்லை, அண்ணி முன்பிரேக்கைப் பிடிப்பதையே விட்டிருந்தார்.

"அன்னிக்கி அதானா?" என்றார்.

அண்ணி எண்ணெய் டப்பாவை எடுத்து மூடினார். "மழையும் ஜாஸ்திதான்" என்றார்.

அண்ணன் என்னிடம் ஸ்பேனர் கேட்டார். தோல் கட்டைகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் மாலை வேலையிலிருந்து வரும்போது முன்சக்கரத்துக்கு ரப்பர் கட்டைகள் வாங்கி வந்தார். அவரே குந்தி மாட்டினார்.

அதற்குப் பிறகு சில மழைக்காலங்கள் போய்விட்டன. ஒவ்வொரு மழைக்கு முன்பும் தக்கையை நான்தான் மாற்றுகிறேன். அந்த நீண்ட பட்டையின் போல்ட்டை ஞாயிறுதோறும் முடுக்கிப் பார்க்கிறேன். அது தளர்ந்ததே இல்லை, ஆனாலும் மாலையில் வானம் கறுத்தால் எனக்குக் கை வேலையில் நிற்காது, ரயில்வே கேட் பக்கமே மனம் போகும். அண்ணி தையல் பிரிவில் இருக்கிறார். அதே சைக்கிளில்தான் போகிறார், மழையிலும் போகிறார். அண்ணன் இதுவரை சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்வதில்லை.