உமரிக்கு அடித்த மருந்து

போன மாதம் ஒரு தப்புச் செய்தேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். பாதித் தப்புகள் அப்படித்தானே நடக்கின்றன?

மைசூரில் ஒரு கல்லூரியில் நான் தோட்ட வேலை பார்க்கிறேன். அங்கே ரம்யா என்ற பெண் ஆராய்ச்சி செய்கிறார். மைசூரிலேயே விஜயநகரில் வீடு. தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார்.

கிரீன்ஹவுஸில் அவருக்கு இருபது தொட்டிகள். எல்லாம் உமரிச் செடி. கடலோர உப்புச் சேற்றில் வளர்வது. அதுவும் நல்ல சேறு இல்லை — ஃபாக்டரிக் கழிவு கலந்த கருப்புச் சேறு. அதையும் சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். நாற்றம்... சொல்ல வேண்டாம்.

"இந்தச் சேத்துல இது எப்படிங்கம்மா உயிரோட இருக்குது?" என்றேன்.

"செடிக்குள்ள பாக்டீரியா இருக்குண்ணா. தண்டு, வேர் எல்லாத்துக்குள்ளயும். அதைத்தான் வெளிய எடுக்கணும். கொத்தாயித்தா?"

புரிந்ததா என்று கேட்கிறார். "கொத்தாயித்தும்மா" என்றேன். புரியவில்லை. படித்தவர்கள் கேட்டால் அப்படிச் சொல்லிவிடுவது என் பழக்கம்.

எனக்குத் தெரிந்த பாக்டீரியா ஒன்றுதான். எங்கள் ஊர் ஹனூர் பக்கம் தக்காளிக்கு வருவது. இலையில் கரும்புள்ளி விழும். உடனே மருந்து அடிக்க வேண்டும். விட்டால் தோட்டமே போய்விடும்.

ரம்யா ஒரு வாரம் லீவில் போனார். இருபது தொட்டிக்கும் அதே மருந்தை அடித்தேன். வேருக்கும் ஊற்றினேன். வெளியே எடுக்க வேண்டும் என்றாரே... எடுத்தாகிவிட்டது.

திங்கட்கிழமை வந்தவர் உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்னண்ணா அடிச்சீங்க?"

"பாக்டீரியா மருந்துங்க. இனி ஒண்ணுகூட இருக்காது."

தொட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அதுதாண்ணா கழிவு விஷத்துலருந்து இந்தச் செடியைக் காப்பாத்துது. அதை எடுத்து வளர்த்து, வேற செடிக்குக் குடுத்துப் பார்க்கணும்னு இருந்தேன். மூணு மாச வேலைண்ணா."

செடிகளைப் பார்த்தேன். பச்சையாகத்தான் நின்றன. ஒன்றும் வாடவில்லை. நன்றாக நிற்கும் செடி எப்படி வீணாகும்? கிருமி எப்படிக் காவல் இருக்கும்? ஒன்றும் விளங்கவில்லை.

ரம்யாவின் பேராசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன். "இனிமே அந்தத் தொட்டிக்குத் தண்ணி மட்டும் ஊத்துப்பா" என்றார். என் வேலை தப்பியது. ரம்யாவின் மூன்று மாதம் தப்பவில்லை.

வீட்டில் சரோஜாவிடம் சொன்னேன். மனைவி. டிவியில் டாக்டர் நிகழ்ச்சி ஒன்றும் விடமாட்டாள்.

"உங்க வயித்துக்குள்ளயுந்தான் கோடிக் கிருமி இருக்குது. அதனாலதான் நான் கிண்டற களி செமிக்குது. அதுக்கும் ஒரு தடவை அடிச்சுக்கறதுதானே?"

வியாழக்கிழமை ரம்யாவோடு பஸ் ஏறிக் கடலோரம் போனேன். ஃபாக்டரிக் கழிவு விழும் ஓடையில் தண்ணீர் மேல் எண்ணெய் மிதந்தது. ஒரு மீன் இல்லை, ஒரு தவளை இல்லை. உமரி மட்டும் கொழுகொழுவென்று நின்றது. வேரோடு தோண்டி இருபது எடுத்தோம். மறுபடி முதலிலிருந்து.

நேற்று அதில் ஒன்றின் நுனி மஞ்சளாகியிருந்தது. கை பரபரத்தது. ரம்யாவுக்கு ஃபோன் போட்டேன்.

"அப்படியே விடுங்கண்ணா. அது பார்த்துக்கும்."

எது பார்த்துக்கொள்ளும் — செடியா, உள்ளே இருப்பதா? தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தோட்டக்காரனுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.