மஸ்தூராவின் கண்ணாடி

"தோல் கிழிஞ்சுடுச்சா? அப்ப தின்னுங்க!"

பீச் பழத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறார் மஸ்தூரா. குஜந்த் நகரச் சந்தைக்குப் பின்னால், எட்டுப் பேருக்குச் சவரத் தொழில் பழக்கும் கூடம் அவருடையது. பழத்தின் மேலுள்ள பூனைமுடியை நுரை தடவிக் கத்தியால் வழிக்க வேண்டும். கீறல் விழுந்தால், வழித்தவரே அதைத் தின்றாக வேண்டும். இரண்டே வாரத்தில் பாதிப் பேருக்கு வயிறு கெட்டுவிட்டது. "மனுசன் கன்னத்தைத் திங்க முடியாதுல்ல? அதான் இதுல ஆரம்பிக்கிறோம்" என்பார்.

வயது நாற்பத்தெட்டு. இருபத்தாறு வருடமாக ஆண்களுக்குச் சவரம் செய்கிறவர். தலைக்குட்டை முடிச்சில் சீப்பைச் செருகிக்கொண்டு, அதே சீப்பைக் காணோம் என்று கூடத்தையே ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பார். பழகுபவரின் கையை மட்டும் நேராகப் பார்க்கவே மாட்டார். பின்னால் தள்ளி நின்று எதிர்க் கண்ணாடியில்தான் பார்ப்பார். "நேரா மொறைச்சா நல்ல கையும் நடுங்கும்" என்பது அவர் கணக்கு. அடேயப்பா, அந்தக் கண்ணாடிக்கு எதுவும் தப்பாது! "மணிக்கட்டு, மணிக்கட்டு! செங்கல்லா தூக்குறீங்க?"

செங்கல் பேச்சு ஜூராபோய்க்கு. நடுநடுவே ஊருக்கு வந்துபோய், ரஷ்யாவில் பதினோரு வருடம் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர். மஸ்தூராவைவிட மூன்று வயது மூத்தவர். ஆறு வயது மகள் இன்னும் அவரை 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறாள். இந்தத் தொழில் கைவந்தால் வீட்டோடு இருக்கலாம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மறுபடி விமானம். பழத்தில் அவர் கை நடுங்காது. மனிதக் கழுத்தைக் கண்டால் கத்தி ஆடும். "என் கை இதுக்கு ஆகாதுங்க உஸ்தோ, விட்டுருங்க" என்று போன வாரம் கத்தியைக் கழுவி வைத்துவிட்டார்.

எல்லோருக்கும் உஸ்தோவான, அதாவது ஆசானான, மஸ்தூரா அன்று திட்டவில்லை, அதுதான் அதிசயம். "ஞாயித்துக்கிழமை என் மவன் கல்யாணம். கத்தியத் தீட்டி எடுத்துட்டு வாங்கண்ணே" என்றார், அவ்வளவுதான்.

மாப்பிள்ளைச் சவரம் என்றால் சும்மாவா! முற்றத்து நடுவில் நாற்காலி, எதிரே கம்பத்தில் கண்ணாடி, சுற்றிலும் தோய்ரா என்னும் கைமேளத்தைத் தட்டிப் பாடும் பெண்கள், மாப்பிள்ளைமேல் மிட்டாய் எறியும் பிள்ளைகள். ஒரு சொட்டு ரத்தம் வந்தால் ஊர் பத்து வருடம் பேசும். பெற்றவளே கத்தி பிடிப்பாள் என்று உறவு முழுக்கக் காத்திருந்தது. மஸ்தூராவோ மகனுக்கு நுரையைத் தடவிவிட்டு, ஜூராபோயைப் பார்த்துத் தலையாட்டினார்.

"பைத்தியமாடி ஒனக்கு? ஒத்தப் புள்ளைடி!" என்று பதறினாள் அவர் அக்கா.

"அம்மா, கீறல் விழுந்தா என்னை யாரு திங்கிறது?" என்றான் மாப்பிள்ளை பெஹ்ரூஸ். கூட்டம் சிரித்தது. ஜூராபோய் சிரிக்கவில்லை. கண்ணாடியில் உஸ்தோவின் கண்களைத் தேடினார்.

வழக்கமான இடத்தில் அவர் இல்லை. அக்காவின் கையிலிருந்த தோய்ராவைப் பிடுங்கிக்கொண்டு, நாற்காலிக்கு முதுகைக் காட்டி நின்று தட்டத் தொடங்கியிருந்தார்.

ஜூராபோய் மூச்சை இழுத்துவிட்டுக் கத்தியைக் கழுத்தில் வைத்தார். ஒரு இழுப்பு, இரண்டு, மூன்று. துண்டில் வெறும் வெள்ளை நுரை. "பாருடி, பாரு!" என்று அக்கா தோளைப் பிடித்து உலுக்கியும், பாட்டு முடியும்வரை மஸ்தூரா திரும்பவே இல்லை.