கிண்ணம் முழுக்கப் பூசணி சூப்

தெருவில் அவருக்குப் பெயர் ‘ரெண்டாவது கோட்டு’. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். வீட்டுக்காரர் ஒரு கோட்டு போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டாலும், இன்னொரு கோட்டு அடிக்காமல் ஏணியை எடுக்க மாட்டார். நேற்று அடித்ததற்கும் இன்று அடித்ததற்கும் மயிரிழை நிறம் மாறினால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்தவளோ வாய் ஓயாத மனைவி. எந்த வீட்டில் பெண் பார்க்கிறார்கள் என்பது மாப்பிள்ளைக்கு எட்டுவதற்கு முன்னால் அவளுக்கு எட்டிவிடும். அவர் வேலை முடிந்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அவள் செய்தி வாசிக்க ஆரம்பிப்பாள். அவர் “ம்” கொட்டுவார். காதில் வாங்கினாரா என்பது கடவுளுக்கே வெளிச்சம். தட்டில் இருந்ததை எப்படிச் செய்தாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அடுப்படிக்குள் அவர் போனதே அதற்கு வெள்ளை அடிக்கத்தான்.

குளிர் இறங்கியது. அடித்த பெயிண்ட் காயாமல் சுவரில் வழிய ஆரம்பித்ததால் அவர் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்தது. வலது கை, வலது கால் விழுந்தன. பேச்சும் போயிற்று. தெருவே ஊமையானது போல் இருந்தது. அதில் இரண்டொருவருக்கு உள்ளூர நிம்மதி என்பதையும் சொல்லாமல் விட்டால் பாவம்.

பேச்சோடு விழுங்குவதும் போய்விட்டது. குடித்த தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள் போனது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதை ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது. சனிக்கிழமைக்குள் வாயால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வயிற்றில் துளை போட்டு அதில் ஒரு குழாய். ஆஸ்பத்திரியில் தேதியும் குறித்துவிட்டார்கள்.

அடுத்த தெரு தையல்காரருக்கு அப்படி ஒரு குழாய் போட்ட கதையை, தானும் சிரித்து மற்றவர்களையும் சிரிக்க வைத்து ஊரெல்லாம் பரப்பியவளே அவள்தான். இப்போது டாக்டர் வயிற்றைத் தொட்டுக் காட்டியதும் இடது கையால் போர்வையை இறுக்கிக்கொண்டு, கொண்டை அவிழ்கிற வரைக்கும் தலையை ஆட்டினாள்.

விழுங்கப் பழக்குவதற்கு வீட்டுக்கே ஒரு பெண் வந்தாள். அவளை அவர் டீச்சர் என்று கூப்பிட்டார்.

“ஐயா, தண்ணி மாதிரி இருந்தா நெஞ்சுக்குள்ள போயிடும். கட்டியா இருந்தா தொண்டையில நிக்கும். ஸ்பூனைச் சாய்ச்சா மொத்தமா, மெதுவா வழுக்கி விழணும். வெள்ளிக்கிழமை நான் வரும்போது ஒரு கிண்ணம், இருமாம சாப்பிட்டுக் காட்டினா போதும்.”

“நம்ம பெயிண்ட் பதம்தான் டீச்சர்.”

“பெயிண்டைக் குடுத்துடாதீங்க.”

மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, தினமும் வந்து எதையெதையோ கரைத்துக் கொடுத்துப் பார்த்தாள். அக்காள் உதட்டைப் பூட்டிக்கொண்டாள். கடைசியில் அவரே பையை எடுத்துக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போனார்.

“நீங்களா அண்ணே சமைக்கப் போறீங்க? இந்தக் குளிர் பத்தாதுன்னு மழை வேறயா?” என்று கடைக்காரம்மா ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள். “நாக்கு செத்துக் கிடக்கறவங்களுக்கு இனிப்பா ஏதாவது போகணும். மஞ்சப் பூசணி எடுத்துட்டுப் போங்க. வேக வைக்காதீங்க, தண்ணி கோத்துக்கும். கீறி வெண்ணெய் தடவி, கனமான சட்டியில மூடி, சின்னத் தீயில விடுங்க. ஓரம் லேசாக் கருகணும். வெங்காயம், ரெண்டு பல் பூண்டு வெண்ணெயில வதக்கி, எல்லாத்தையும் சேத்து அரைச்சு வடிகட்டுங்க. கடைசியா க்ரீம். அதுவும் பேருக்குத்தான்.”

அப்படியே செய்தார். கையைச் சுட்டுக்கொண்டார், தோலோடு அரைத்துவிட்டு மறுபடி வடிகட்டினார். பூசணி கருகிய வாசனையும் வெண்ணெய் வாசனையும் சேர்ந்து, சாத்திக் கிடந்த வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுக்கையறைக்குள் நுழைந்தன. அவள் முகத்தைத் திருப்பினாள். வாயைத் திறந்தாள். இளஞ்சூட்டில் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு அரைக் கிண்ணம் உள்ளே போயிற்று. ஒரு செருமல்கூட இல்லை. வாசலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்ட மச்சினி, ஜலதோஷம் என்றாள்.

வினை வந்தது மறுநாள். அன்று வாங்கிய பூசணி உள்ளே நல்ல சிவப்பு. சூப்பு செங்கல் நிறத்தில் வந்தது. நேற்றைய மிச்சம் பக்கத்துக் கிண்ணத்தில் இளமஞ்சளாக இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பொறுக்கவில்லை. க்ரீம் தீர்ந்துவிட்டதால் பாலை எடுத்துக் கொஞ்சம் ஊற்றிக் கலக்கினார். இன்னும் கொஞ்சம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறம் அச்சாகப் பொருந்தியது. அந்தச் சந்தோஷத்தில் ஸ்பூனைச் சாய்த்துப் பார்க்க மறந்துவிட்டார்.

முதல் வாயிலேயே புரையேறியது. கண் பிதுங்க, முகம் நீலம் பாரிக்க அவள் இருமினாள். மச்சினி ஓடிவந்து முன்னால் சாய்த்து முதுகைத் தட்டினாள். அவர் கிண்ணத்தைப் பிடித்தபடி மரமாக நின்றார்.

போனில் கூப்பிட்டதும் டீச்சர் வந்து நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள். “நல்ல வேளை, தப்பிச்சாங்க. எதைக் கலந்தீங்க?”

“பால்.”

“எதுக்கு?”

“நேத்து இருந்த நிறம் வரல…”

“அக்கா என்ன சுவரா மாமா?” என்றாள் மச்சினி.



அதற்குப் பிறகு மனைவி வாயே திறக்கவில்லை. ஸ்பூனைக் கண்டாலே தலையணைக்குள் புதைந்தாள். அது பிடிவாதம் இல்லை, பயம் என்று அவருக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை முழுக்க அப்படியே போயிற்று. சனிக்கிழமைக்கு வண்டி சொல்லியாகிவிட்டது. அவர் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, அவள் இத்தனை வருஷம் கிளறிய சட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போட்டதையெல்லாம் அவர் குனிந்த தலை நிமிராமல் தின்றார். அவர் செய்ததை அவள் நம்பித் தின்பதற்குத்தான் வழியில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மின்சார அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலுக்கு எதிரே முக்காலியில் வைத்தார். சட்டி, கத்தி, பூசணி எல்லாம் வந்தன.

“என்ன மாமா, வீட்டையே மாத்திட்டீங்க?”

“அவ பாக்கட்டும். கண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே.”

வெங்காயத்தைத் தடித்தடியாக நறுக்கினார். டக் என்று சத்தம். அவள் இடது கை மோதிரத்தால் கட்டில் சட்டத்தைத் தட்டியிருந்தாள். பொடியாக நறுக்கினார். வெங்காயம் சிவக்கப் பார்த்தது. டக். தீயைக் குறைத்தார். உப்பைக் கை நிறைய அள்ளியபோது டக், டக், டக். வாயில்லாமலே இப்படித் திட்ட முடியும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. வேர்த்துவிட்டது, அந்தக் குளிரில்.

அரைத்து, வடிகட்டி, பேருக்குக் க்ரீம் விட்டு, அவள் கண்ணுக்கு நேராக ஸ்பூனைச் சாய்த்துக் காட்டினார். ஓடியது. டக். மறுபடி அடுப்பில் வைத்துக் கிளறினார். சாய்த்தார். மொத்தமாக வழுக்கி விழுந்தது. கட்டில் பேசவில்லை. சூப்பு அன்றும் செங்கல் நிறம்தான். பார்த்தார், விட்டுவிட்டார்.

டீச்சர் வந்து அவள் தொண்டையில் விரல் வைத்து உட்கார்ந்தாள். அவர் ஸ்பூனை நீட்டினார். உதடு திறக்கவில்லை. இன்னும் கிட்டே நீட்டக் கை எழுந்தது, இறக்கிக்கொண்டார். ஸ்பூனை அவளுடைய இடது கையில் கொடுத்தார்.

“இந்தா. நீயே பாத்துக்க.”

அவள் கிண்ணத்தில் தோய்த்து எடுத்து, தானே ஒரு முறை சாய்த்துப் பார்த்தாள். பிறகு வாயில் வைத்தாள். டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி தாடையைக் கீழே இறக்கி விழுங்கினாள். மூன்று பேரும் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்கள். இருமல் வரவில்லை. போர்வையில் பாதி, வாயில் பாதி. மோவாயில் வழிந்ததைத் துடைக்கப் போனவரின் கையை முழங்கையால் தள்ளிவிட்டாள். நடுவில் ஒரு முறை தொண்டையைச் செருமினாள். மச்சினி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அக்காள் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு மறுபடி ஸ்பூனை எடுத்தாள். கிண்ணம் குறைந்துகொண்டே வந்தது. மச்சினி அடிச்சட்டியில் இருந்ததையும் வழித்து ஊற்றினாள்.

“போதும், எனக்குத் திருப்தி. டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றாள் டீச்சர். “நாளைக்கு வரலைன்னு ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் பண்ணிடுங்க ஐயா.”

அவர் போனை எடுத்து எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் யாரோ பேசினார்கள். இவருக்குக் குரல் எழும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மச்சினி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நாளைக்குக் குழாய் போடறதுக்குத் தேதி குடுத்திருந்தீங்க. வேணாம்… இல்லைங்க, நான் தங்கச்சி… அவங்ககிட்டயே கேக்கணுமா?” கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அக்காவால இப்பப் பேச முடியாதுங்க. வாயில சாப்பாடு இருக்கு.”