காதர் பாய் டேப்லெட்டுக்கு இரண்டு செல்

டேப்லெட்டின் திரை ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. பேட்டரி உப்பிவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. "யாரும் அமுக்காதீங்க, தள்ளி நில்லுங்க" என்றேன். காதர் பாய் காதிலேயே வாங்காமல் அதை என் ரிப்பேர் மேசையில் இன்னும் என் பக்கம் நகர்த்தினார்.

பாய் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் மீன் கடை வைத்திருப்பவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து பேச்சு இல்லை. ஆபரேஷனுக்கு முன்னாலேயே, கடையில் தான் பேசுகிற பேச்சையெல்லாம் அந்த டேப்லெட்டில் ஒரு ஆப்பில் பதிந்து வைத்துக்கொண்டார். தமிழ், மலாய், கொஞ்சம் சந்தைச் சீனம். பட்டனைத் தட்டினால் அவர் குரலே பேசும். ஆப்பைச் செய்த கம்பெனி கடையைச் சாத்திவிட்டது. புது டேப்லெட்டில் அது ஏறாது. உள்ளே இருக்கும் பதிவுகளை வெளியே எடுக்கவும் வழியில்லை.

அவர் மனைவி ஜைத்தூன் அக்கா சொன்னார்: "மவன் புதுசு வாங்கிக் கொடுத்தான். அதுல டைப் பண்ணா மிஷின் பேசுது. 'இன்று மீன் புதியதாக உள்ளது'ங்குது. கடையில நின்னவங்கல்லாம் சிரிச்சிட்டாங்க. இவுக அன்னைக்கே அதைப் பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டாக. இது சரியாகலேன்னா கடையையே விட்டுடப் போறாகளாம்."

பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் ரிப்பேர் கடை முதலாளி என்னைத் தனியே அழைத்தார். "இந்த மாடலுக்கு இப்ப பேட்டரியே வர்றதில்ல. முன்ன ஆன்லைன்ல வாங்கிப் போட்ட ஒண்ணு ரெண்டும் சீக்கிரமே செத்துடுச்சு. விட்டுடு லா. நெருப்புப் பிடிச்சா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் பாஸ்."

"என்னன்னு சொல்லுவே?"

"அதை அப்ப யோசிக்கிறேன்."

முறைத்துவிட்டு, மணல் வாளியை என் மேசையடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனார். சம்மதம் என்றால் அவர் அப்படித்தான் சொல்வார்.

உப்பிய பேட்டரியை மெதுவாக எடுத்தேன். அதன் தலையில் இருந்த சின்ன போர்டை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டேன். அது இல்லாவிட்டால் பேட்டரியே இல்லை என்று டேப்லெட் அடம்பிடிக்கும். பின்மூடியில் துளை போட்டு அந்த போர்டின் ஒயரை வெளியே இழுத்து, டார்ச்லைட்டில் போடுகிற மாதிரி உருண்டை லித்தியம் செல் உட்கார ஒரு ஹோல்டரை ஒட்டினேன். செல் தீர்ந்தால் கழற்றி, வேறொன்றைப் போட வேண்டியதுதான். தீர்ந்ததை வீட்டில் தனி சார்ஜரில் ஏற்றிக்கொள்ளலாம். டேப்லெட் ஆன் ஆனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே ஜைத்தூன் அக்கா திரும்பி வந்துவிட்டார். "செல்ல மாத்துறப்ப மொத்தமா அணைஞ்சு போவுது. அது மறுபடி எழுந்திரிக்கிறதுக்குள்ள, எடை போட்ட தெங்கிரி மீனை அப்படியே போட்டுட்டு அடுத்த கடைக்குப் போயிடுறாங்க. நான் கத்திக் கத்தி என் தொண்டையும் போவப் போவுது."

மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் போய் ஒரு ஓரமாக நின்றேன். ஒரு அம்மா விலை கேட்டு, பதில் வரும் முன்பே குறைத்துக் கேட்டார். பாய் ஈரக் கையால் பட்டனைத் தட்டினார், செல் தீர்ந்து திரை கறுத்தது. அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். பாய் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இந்த டேப்லெட் வியாபாரம் நடக்கும்போது ஒரு நொடிகூட அணையக் கூடாது என்பது அங்கே நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே பக்கத்திலேயே இன்னொரு ஹோல்டர் வைத்தேன். ஒரு செல்லைக் கழற்றும்போது மற்றது தாங்கும். ஆனால் இரண்டையும் நேராகச் சேர்த்துவிட்டால், நிறைந்த செல் காலி செல்லுக்குள் கொட்டி இரண்டும் சூடாகிவிடும். மின்சாரம் வெளியே மட்டும் போய், உள்ளே திரும்பாதபடி தடுக்கும் சின்ன போர்டு ஒன்றை ஒவ்வொரு செல்லுக்கும் போட்டேன். முதல் ஜோடி புகைந்தது. முதலாளி மணல் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போதும் லா" என்றார். "போதாது பாஸ்" என்றேன். பெரிய போர்டாக வாங்கி மாற்றினேன். ஐஸ் தண்ணீர் புகாமல் சிலிக்கான் பூசி, மேலே ரப்பர் மூடி போட்டேன். கடையில் நாள் முழுக்க ஓட விட்டு, தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. அதன் பிறகுதான் கொடுத்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நம் மேசையில் ஓடுகிறது என்று பில் போட்டுவிடாதீர்கள். அது எங்கே ஓட வேண்டுமோ அங்கே போய் ஒரு தடவை நின்று பாருங்கள்.

சனிக்கிழமை போனேன். கடையில் நல்ல கூட்டம். ஒரு அம்மா பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே பாய் ஒரு செல்லைக் கழற்றி இடுப்புப் பையில் போட்டார், இன்னொன்றை அதன் இடத்தில் அழுத்திப் பொருத்தினார். டேப்லெட் ஒரு வார்த்தையும் விடாமல் பேசிக்கொண்டே இருந்தது. ஜைத்தூன் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் குறைந்ததும் நான் ஒரு தெங்கிரியைக் காட்டினேன். "எனக்காவது குறைச்சுக் கொடுங்க பாய். இதைச் செஞ்சு கொடுத்தவளே நான்தானே?"

பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். யோசிக்கவே இல்லை. பட்டனைத் தட்டினார்.

"கட்டுப்படியாகாதுக்கா. வேணும்னா வேற கடை பாத்துக்குங்க."