யார் கையில் வந்த நோய்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'இஸ்திரி' என்று பட்டப்பெயர். துணி தேய்ப்பது அவள் வேலை என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் அவள் வாய். சூப்பர்வைசரே இரண்டடி தள்ளி நின்றுதான் பேசுவார்.

அப்பேர்ப்பட்டவள் தன் பிள்ளை விஷயத்தில் மட்டும் ஊர்ப்பேச்சைக் கேட்டுத் தொலைத்தாள். ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்த பயல், அப்புறம் காதில் சீழ், நெஞ்சில் சளி, விடாத காய்ச்சல் என்று மாற்றி மாற்றிப் படுத்தான். நோயாளிகளின் விரிப்பைத் தொட்ட கையால் தூக்கினால் வேறென்ன வரும் என்றாள் மாமியார். புருஷன் ஆமாம் போட்டான். பேரனைப் பார்க்க வந்து தங்கியிருந்த இவள் அம்மா வாயே திறக்கவில்லை. இவளும் நம்பினாள். கை தோலுரியும் வரை மருந்துத் தண்ணீரில் கழுவினாள். அதுவும் போதாதென்று கடைசி இரண்டு மாதம் பிள்ளையைத் தூக்கவே இல்லை. அவன் கையை நீட்டி அழுவான், இவள் கதவோரம் நின்று அழுவாள். ஒரு வயது முடியுமுன் நிமோனியா அவனைக் கொண்டுபோய்விட்டது.

வெளியூருக்கு அனுப்பியிருந்த அவன் ரத்தப் பரிசோதனையின் முடிவு அதற்கப்புறம்தான் வந்தது. டாக்டரம்மா இவளை உட்காரவைத்துச் சொன்னார். மரபணுவில் ஒரு பிறழ்வு. அம்மாவழியில் வருவது. பெண்கள் சுமப்பார்கள், ஆனால் அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. அதோடு பிறக்கும் ஆண்பிள்ளைக்கு நோயை எதிர்க்கும் சக்தி உடம்பில் ஊறாது. முன்பே தெரிந்திருந்தால் அந்தச் சக்தியை மாதாமாதம் ஊசியில் ஏற்றிக் காப்பாற்றியிருக்கலாம். இவள் கைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்கள் அம்மா வீட்டில் ஆண்குழந்தைகள் தவறியிருக்கிறார்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றாள்.

நேரே அம்மா வீட்டுக்குப் போய் அதையே கேட்டாள். அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"உனக்கு முன்னாடி ரெண்டு தவறிடுச்சு. ரெண்டும் பையனுங்க. வெளிய சொன்னா உங்களை எவன் கட்டுவான்?"

"என் பிள்ளையை நான் தூக்காம நின்னேன். நீ பார்த்துக்கிட்டுதானே இருந்தே?"

இவளுக்குச் சட்டென்று தங்கை ஞாபகம் வந்தது. அவளுக்கு ஏழாம் மாதம். வயிற்றில் இருப்பது பையனாக இருந்தால் அவன் கதியும் அதேதானே. போனை எடுத்தாள். வேண்டாம் என்று அம்மா கையைப் பிடித்தாள். உதறிவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

தங்கை பதறவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா. உன் பையன் தவறின அந்த வாரமே அம்மா சொல்லிட்டாங்க. டாக்டர்கிட்ட சொல்லி டெஸ்ட் எடுத்துட்டேன், எனக்கு அது இல்லையாம். உன்கிட்ட சொன்னா நீ தாங்கமாட்டேன்னாங்க."

காரியம் முடிந்தபின் போன மாதம் வந்தபோதுகூட, இவள் கையில் இன்னும் உரிந்திருந்த தோலைப் பார்த்து, களிம்பு போடுக்கா என்று சொல்லிவிட்டுப் போனவள் அவள்.

இஸ்திரி கத்தவில்லை. போனை அம்மாவிடம் நீட்டினாள்.

"இந்தா, பேசு. உங்க ரெண்டு பேருக்குள்ளதானே பேச்சு."

படியிறங்கிப் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை.